வேறு தலைப்பில்

மார்ச் இருபத்தெட்டு.
வெயிலுக்கு முன்பே கணினி சூடாகிவிடும் அறை.
பள்ளிப்பட்டு வட்டாரத்தில்
நான் தொகுப்பூதியக் கணக்கு உதவியாளர்.
என் சம்பளத்துக்கும் ஒரு தலைப்பு உண்டு.
ஜனவரியிலிருந்து அதில் பணம் இல்லை.

பணம் இருக்கிற தலைப்பு வேறு:
எடை குன்றிய குழந்தைகள், பரிந்துரைப் போக்குவரத்து.
முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
போன ஏப்ரலில் வந்தது வந்தபடியே கிடக்கிறது,
உலையைக் காணாத அரிசி.

பதினொன்றரைக்கு மோகனவல்லி சிஸ்டர் பேசினார்,
செங்கல் சூளையிலிருந்து.
அந்தச் சூளைக்கு வாசல் தமிழ்நாடு,
மண் தோண்டும் குழி ஆந்திரா.
"எட்டு மாசம். நாலு கிலோ நூறு.
கால் ரெண்டும் வீங்கியிருக்கு.
அழக்கூட மாட்டேங்குது.
திருவள்ளூர் போகணும், பணம் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.
அதைச் சொல்வது எவ்வளவு எளிது.
பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டேன்:
பதிவு எண்?

எண் நகரிப் பக்கம் ஓர் அங்கன்வாடியில்.
அங்கே பிள்ளை இடம்பெயர்ந்துவிட்டதென்று
சிவப்பு மையில் எழுதியாயிற்று.
இங்கே எழுதுவதற்கோ
இடம்பெயர்ந்ததாக அங்கிருந்து கடிதம் வேண்டும்.
நூற்றெட்டை அழைத்தாராம்.
சூளை மேட்டில் கோபுரம் அந்தப் பக்கத்தது.
தெலுங்கில் ஒரு பெண், கனிவாகத்தான்,
எந்த மண்டலம் என்றாள்.
இணைப்பை மாற்றுகிறேன் என்றாள்.
மாறிய இணைப்பில் வாத்திய இசை,
ஆறு நிமிடம்.

எடை போட்ட விதத்தைப் பின்னால்தான் சொன்னார்.
தொங்கு தராசின் தூளி கிழிந்து இரண்டு வருடம்.
(தூளிக்கு வேறு தலைப்பு. அது காலி.)
தாய் செஞ்சம்மா
உடுத்தியிருந்த சேலையின் தலைப்பைப் பிரித்து நீட்டினாள்.
அதில் பிள்ளையை இட்டுக் கொக்கியில் மாட்டி
துணி இழுபடாமலிருக்க
தராசோடு ஒட்டி நின்றுகொண்டாள், மூச்சடக்கி.
முனையில் ஒரு முடிச்சு, அதில் எண்பது ரூபாய்.
முடிச்சை அவிழ்த்து இன்னொரு முறை பார்த்தார்கள்.
அந்த நூறு கிராம்
சேலையுடையதாக இருக்கலாம் என்றார் சிஸ்டர்.

அந்த எண்பதும் சிஸ்டரின் இருநூறுமாக
பன்னிரண்டரைப் பேருந்தில் போனார்கள்.

தலைப்பு என்ற சொல்லை
ஒரு நாளில் நூறு முறை எழுதுகிறேன்.
அது துணியும்தான் என்பது
அன்று சாயங்காலம்வரை நினைவில் இல்லை.
நானும் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டுதான்
உட்கார்ந்திருந்தேன்.

முப்பத்தொன்று, இரவு ஒன்பது நாற்பது.
முப்பத்தெட்டாயிரத்து நானூறையும் ஒப்படைத்தேன்.
காரணம் கேட்கும் கட்டத்தில் மூன்றே தெரிவு.
முதலாவது: தேவை எழவில்லை.
மற்ற இரண்டையும் வாசித்தேன்.
முதலாவதையே அழுத்தினேன்.

புது ஆண்டுக்கு வந்தது பன்னிரண்டாயிரம்.
கீழே குறிப்பு: சென்ற ஆண்டின் தேவையை ஒட்டி.

பிள்ளை பதினேழு நாள் திருவள்ளூரில் இருந்தான்.
நாலு கிலோ அறுநூறில் அனுப்பினார்கள்,
ஆஸ்பத்திரித் தராசில், துணியில்லாமல்.
மழைக்குச் சூளை மூடியதும்
எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள்.
நகரியில் சிவப்பு மையை யாராவது அடித்தார்களா,
எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.

பேருந்துச் சீட்டு இரண்டும் என் இழுப்பறையில்.
எந்தத் தலைப்பிலும் சேராது.
எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது,
தொகை மட்டும் இன்னும் தெரிகிறது.

இந்த ஜனவரியில் ஒரு பொட்டலம்.
உள்ளே புதுத் தூளிகள் நான்கு, நீலம்.
முகவரி வேறு வட்டாரத்துடையது.
தவறி வந்ததைத் திருப்பச் சொல்லி
இரண்டு கடிதம் வந்துவிட்டன.
மூன்று தூளிகளைக் கட்டி வைத்திருக்கிறேன்.
நான்காவதைப் பற்றி
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
அது சூளை மேட்டில் தொங்குகிறது,
யாரோ ஒருத்தியின் பிள்ளையோடு,
ஆறு கிலோ முந்நூறு.